பட்டுப் புடவையில் சென்ட் கறை: துணியில் வாசனை அடிக்கலாமா, கூடாதா?

கோமதி_தென்காசி:

தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஒப்பனை செய்ய வந்த பெண், எல்லாம் முடிந்து நான் மேடைக்குக் கிளம்பும் நேரத்தில் தோள் மடிப்பின் மேல் கிட்டத்தில் வைத்துச் சரசரவென்று சென்ட் அடித்துவிட்டார். காஞ்சிபுரம் பட்டு, மயில்கழுத்து நிறம், அம்மா எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புடவையை ஆறப் போட்டபோதுதான் பார்த்தேன், தோளில் வரும் இடத்தில் வட்டம் வட்டமாக, நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கருத்த கோடு. அதை ஒட்டியிருக்கும் ஜரிகையும் அந்த இடத்தில் மட்டும் மங்கியிருக்கிறது.

இது போகுமா? வீட்டில் ஏதாவது செய்யலாமா, இல்லை டிரை வாஷ் கடைக்குத்தானா? அப்புறம் பொதுவாகவே ஒரு சந்தேகம், துணியில் சென்ட் அடிப்பதே தப்பா? என் வீட்டுக்காரர் சட்டை போட்ட பிறகுதான் அடிப்பார், அவருக்கு ஒன்றும் ஆனதில்லை.

பாண்டி72:

இதற்கு ஏன் கடைக்குப் போக வேண்டும்? எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கறை மேல் தேய்த்து வெயிலில் போடுங்கள், போய்விடும். என் வெள்ளை வேட்டியில் போயிருக்கிறது.

சாயப்பட்டறை:

பாண்டி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைப் பருத்தியில் போனது உண்மையாகத்தான் இருக்கும், அங்கே போக வேண்டியது மஞ்சள் மட்டும். கலர் பட்டில் எலுமிச்சைக்குக் கறை எது சாயம் எது என்று தெரியாது, இருக்கிற வட்டத்தோடு இன்னொரு வட்டம் சேரும்.

கோமதி அக்கா, நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறேன். பட்டு எங்கள் லைன் இல்லை, ஆனால் சாயம் எந்த நூலில் இருந்தாலும் அதன் குணம் கொஞ்சம் ஒரே மாதிரிதான். சென்ட் பாட்டிலில் பெரும்பங்கு ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர், மிச்சம்தான் வாசனை எண்ணெய். ஓ டி பர்ஃபம் என்று போட்டிருந்தால் எண்ணெய் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம், கொலோன் என்றால் 2 முதல் 4 சதவீதம். கிட்டத்தில் வைத்து அடித்தால் பனி மாதிரி பரவாமல் ஒரே இடம் சொதசொதவென்று நனைந்துவிடும். நனைந்த இடம் காயும்போது முதலில் ஓரம் காயும், நடுவில் உள்ள ஈரம் அந்த ஓரத்தை நோக்கி ஓடும், ஓடுகிற ஈரம் சும்மா போகாமல் கொஞ்சம் சாயம், நெசவுக்குப் பிறகு ஏற்றிய பினிஷ், தூசி, வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் இறக்கிவிடும். அக்கா பார்த்த கருத்த கோடு அதுதான். வெறும் தண்ணீர்கூடப் பட்டில் இதைச் செய்யும், கல்யாண வாசலில் பன்னீர் தெளித்த புடவைகளை அடுத்த நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

மயில்கழுத்து என்றால் பாவு (நீள வாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம். இரண்டில் ஒன்று அதிகமாக நகர்ந்திருக்கலாம். புடவையை ஜன்னல் பக்கம் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள், ஒரு கோணத்தில் வட்டம் பளிச்சென்றும் இன்னொரு கோணத்தில் இல்லாதது போலவும் தெரிந்தால் சாயம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால் எண்ணெயும் பினிஷும்தான், அதற்கு வழி இருக்கிறது.

இப்போதைக்குச் செய்யக் கூடாதவை: தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள், முக்கியமாக இஸ்திரி போடவே போடாதீர்கள். சூடு பட்டால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து பழுப்பாகி நூலிலேயே உட்கார்ந்துவிடும். வெள்ளைத் தையல் நூலால் கறையைச் சுற்றித் தளர்வாக ஒரு ஓட்டுத்தையல் போட்டு, கடையில் "இது சென்ட்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பல பேர் இதைச் சொல்வதே இல்லை, கடைக்காரர்களும் எல்லாத் துணியையும் போல மெஷினில் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

மீனாட்சி.வாத்தியார்:

சாயப்பட்டறை தம்பி சொன்னது சரி. பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

எல்லா சென்டும் ஒரே மாதிரி கறை விடாது. இனிப்பு வாசனை, கேக் வாசனை, வெனிலா என்று சொல்லி விற்கிறார்களே, அவற்றில் உள்ள வெனிலின் என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாக மாறும். பூ வாசனை தருகிற இண்டோல், மீத்தைல் ஆந்த்ரனிலேட் போன்றவற்றோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக நிறம் ஏறும். வாங்கும்போது தெளிவாக இருந்த பாட்டில் ஒரு வருடத்தில் தேன் நிறத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலுக்குள் நடப்பது வெள்ளைச் சட்டைக் காலரிலும் நடக்கிறது, அடித்த அன்று தெரியாது, சில வாரம் கழித்து அலமாரியிலிருந்து எடுக்கும்போது தெரியும். பிறகு சலவைக்காரர் மேல் பழி போடுவோம்.

ஜரிகை விஷயம் தனி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சு எங்கே லேசாகத் தேய்ந்திருக்கிறதோ அங்கே வெள்ளி வெளியே தெரியும், வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கருக்கும். வியர்வை, சென்ட், ஈரம் எல்லாம் அதை வேகப்படுத்தும். மலிவான ஜரிகையில் உலோகத்தின் மேல் நிறத்துக்காக வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும், அது ஆல்கஹாலில் இளகலாம், உடனே மங்கிவிடும். கோமதி அம்மா, உடனடியாக மங்கியதா, மெதுவாகவா?

கோமதி_தென்காசி:

ரெண்டு பேருக்கும் நன்றி. சாய்த்துப் பார்த்தேன், தம்பி சொன்னது போலவே ஒரு பக்கம் நன்றாகத் தெரிகிறது, மறுபக்கம் லேசாகத்தான் தெரிகிறது. அதாவது கொஞ்சம் சாயமும் போயிருக்கிறது. ஜரிகை உடனடியாகத்தான் மங்கியது டீச்சர், அசல் ஜரிகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அது இப்போது வேறு கவலை.

ஷார்ஜாவாசி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். இங்கே ஷார்ஜாவில் துணியில் வாசனை என்பது தினசரி விஷயம் என்பதால் எழுதுகிறேன். அமீரகத்துக்காரர்கள் போடும் வெள்ளைக் கந்தூராவின் கழுத்திலிருந்து ஒரு நூல் குஞ்சம் நீளமாகத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாசனையைத் தோய்ப்பதே அந்தக் குஞ்சத்தில்தான். கறை விழுந்தால் குஞ்சத்தோடு போகும், வெள்ளை அங்கி தப்பிக்கும்.

நம் ஊர்ப் பெரியவர்களும் இதையேதான் செய்தார்கள். எங்கள் பாட்டனார் ஜும்ஆவுக்குப் போகும்போது அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடலுக்குள் செருகிக்கொள்வார், சட்டையில் ஒரு சொட்டு படாது. அத்தரில் ஆல்கஹால் கிடையாது, முழுக்க எண்ணெய், அத்தருக்குப் பேர்போன வடநாட்டுக் கன்னோஜ் ஊரில் பழைய முறையில் வடிப்பது சந்தன எண்ணெயில் பூவின் வாசனையை ஏற்றுவதுதான். இப்போது மலிவாகக் கிடைப்பதில் சந்தன எண்ணெய்க்குப் பதில் பாரபின் எண்ணெயும் மற்றதும் கலக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான், ஆவியாகிப் போகாது, துணியில் விழுந்தால் அங்கேயே உட்காரும். ஊத் (அகில் கட்டை எண்ணெய்) மாதிரி கருத்த அத்தர் என்றால் சொல்லவே வேண்டாம்.

பெருநாள் அன்று புதுச் சட்டையில் அத்தரைத் தடவிக்கொண்டு, பிறகு எனக்குப் போன் போட்டு "எப்படிப் போக்குவது" என்று கேட்கும் மச்சான்கள் வருடா வருடம் உண்டு. அவர்களுக்குச் சொல்வது: தேய்க்காதே, மெல்லிய தாளையோ பழைய துணியையோ வைத்து ஒற்று. சோள மாவையோ முகப் பவுடரையோ கனமாகக் கொட்டி இரவு முழுக்க விடு, தட்டிவிட்டுப் பார், எண்ணெய் குறைந்திருக்கும், தேவைப்பட்டால் மறுபடி கொட்டு. பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு விரலால் மெதுவாக நுரைக்கவிட்டு அலசு. பருத்திச் சட்டைக்கு இது போதும். பட்டுக்குச் சொல்லவில்லை.

சாயப்பட்டறை:

பாய் சொன்ன குஞ்சம் விஷயம் எனக்குப் புதுசு. பவுடர் முறையில் ஒரு திருத்தம், பாலியஸ்டர் கலந்த சட்டைக்கு அது அவ்வளவாக வேலை செய்யாது. பருத்தி தண்ணீரை விரும்பும் நூல், எண்ணெயை எளிதில் விட்டுக்கொடுக்கும். பாலியஸ்டர் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் வியர்வை வாசனையும் அதில் துவைத்தாலும் போகாமல் நிற்கிறது, மேலே சென்ட் அடித்தால் பழைய வியர்வையும் புது சென்டும் சேர்ந்து ஒரு வாடை வரும், பேருந்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். ரேயான், விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழக்கும், கறையென்று கசக்கினால் கிழியும். அசிடேட் லைனிங் உள்ள கோட்டு என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அசிட்டோனில் துணியே கரைந்துவிடும்.

ரேவதி_ஆசிரமம்ரோடு:

எனக்கு சென்ட் பிரச்சினை இல்லை, ரோல்-ஆன் பிரச்சினை. வீட்டில் எல்லா வெள்ளைச் சட்டையும் அக்குள் பக்கம் மஞ்சளாகி, அட்டை மாதிரி விறைத்துப் போகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் மஞ்சளாகிறது. என்ன கொடுமை இது?

மீனாட்சி.வாத்தியார்:

ரேவதி, அது வாசனை செய்த வேலை இல்லை. வியர்வையை அடைக்கும் ரோல்-ஆன்களில் அலுமினிய உப்புகள் இருக்கின்றன. அவை வியர்வையில் உள்ள புரதத்தோடும் எண்ணெயோடும் சோப்போடும் சேர்ந்து நூலுக்குள் படிகின்றன, விறைப்பு அதனால்தான். குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் கூடும், அதனால் அதை நிறுத்துங்கள்.

முதலில் வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் ஊற வையுங்கள், அமிலம் அந்த உப்பை இளக்கும். நன்றாக, மிக நன்றாக அலசுங்கள். பிறகு ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் பவுடரை, அதாவது சோடியம் பெர்கார்பனேட் உள்ளதை, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற வைத்து வழக்கம் போலத் துவையுங்கள். அது இல்லாவிட்டால் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 6 சதவீதம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், குளியலறை மாதிரி மூடிய இடத்தில் அது ஆபத்து.

சாயப்பட்டறை:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. எங்கள் தொழிலில் பர்ன்-அவுட் பிரிண்ட் என்று ஒன்று உண்டு. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் டிசைன் வரும் இடத்தில் மட்டும் அமிலப் பசையை அச்சடித்து, சூடு காட்டுவார்கள், அந்த இடத்துப் பருத்தி கருகி உதிர்ந்து பாலியஸ்டர் மட்டும் கண்ணாடி போல நிற்கும். அந்தப் பசையில் போடும் பொருட்களில் அலுமினியம் சல்பேட்டும் ஒன்று. ரோல்-ஆனில் இருப்பது வேறு உப்பு, பலமும் குறைவு, ஆனாலும் அமிலக் குணம் உள்ளதுதான். அக்குளில் அது படிந்த சட்டையை அலசாமல் மடித்து வைத்து, மேலே சூடான இஸ்திரியை அழுத்தி ஓட்டுகிறோம். சட்டை வேறு எங்கும் கிழியாமல் அக்குளில் மட்டும் நைந்து போவது ஏன் என்று இப்போது யோசியுங்கள். ரோல்-ஆன் போட்டால் அது முழுதாகக் காய்ந்த பிறகு சட்டையைப் போடுங்கள், கழற்றிய அன்றே அலசிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

பட்டு ரவிக்கைக்கு ரோல்-ஆன் வேண்டவே வேண்டாம். உள்ளே பருத்தி லைனிங், அதற்கும் உள்ளே வியர்வைப் பேட் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பாண்டி72:

சரி, எலுமிச்சையை வாபஸ் வாங்கவில்லை, வெள்ளை வேட்டிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லோரும் இப்படி பயமுறுத்தினால் சென்டை எங்கேதான் அடிப்பது? தோலில் அடித்தால் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது, துணியில்தான் நிற்கிறது. கோமதி அக்கா வீட்டுக்காரர் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே.

ஷார்ஜாவாசி:

பாண்டி அண்ணே, துணியில் நிற்கிறது என்பது உண்மைதான், தோலில் சூடு இருக்கிறது, சீக்கிரம் ஆவியாகிவிடும். அதோடு வெயிலில் திரிபவர்களுக்கு நான் துணியையே சொல்வேன், பெர்கமாட் மாதிரி சில எலுமிச்சை வகை எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கழுத்தில் கருப்புப் பட்டை விழும். இங்கே அப்படி ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

கலர் பருத்திச் சட்டை என்றால் தாராளமாக அடியுங்கள், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சட்டையின் உள்பக்கம், பட்டன் பட்டை ஓரமாக. காய்ந்த பிறகு போடுங்கள். வெள்ளைக்கும் பட்டுக்கும் கைக்குட்டைதான். கைக்குட்டையில் அடித்துச் சட்டைப் பைக்குள்ளேயோ இடுப்பிலோ வைத்தால் நாள் முழுக்க வரும், கறையானால் கைக்குட்டைதானே.

சாயப்பட்டறை:

கோமதி அக்கா வீட்டுக்காரர் சட்டை அநேகமாகக் கலர் பருத்தி, வாரம் ஒருமுறையாவது துவைக்கிறது, அதனால் ஒன்றும் சேர்வதில்லை. பட்டுப் புடவையை யாரும் ஒவ்வொரு தடவையும் துவைப்பதில்லை. அடித்த சென்ட் அப்படியே பீரோவுக்குள் போகிறது, அடுத்த விசேஷத்துக்கு மேலே இன்னொன்று. அடிப்பதைவிடத் துவைக்காமல் வைப்பதுதான் பட்டைக் கெடுக்கிறது என்பது என் கட்சி.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். சென்ட் அடித்த ஈரத்தோடு இஸ்திரி போடவோ, குத்துவிளக்கு ஏற்றவோ, அடுப்பங்கரைக்குப் போகவோ கூடாது. அது எரியும் திரவம்.

தாயம்மா_காரைக்குடி:

பீரோ வாசனை பற்றி யாருமே பேசவில்லையே பிள்ளைகளா. நாங்கள் புடவையில் வாசனை அடித்ததே இல்லை, புடவை இருக்கும் இடத்தில்தான் வாசனை வைப்போம். தாழம்பூ மடலைப் பழைய மல் துணியில் சுற்றிப் பெட்டியில் ஓரமாக வைப்போம், புடவையில் நேரே படாது. மகிழம்பூ காய்ந்தாலும் மாதக்கணக்கில் மணக்கும். வெட்டிவேர் ஒரு கட்டு. பூச்சிக்கு வசம்பும் கிராம்பும் முடிச்சுக் கட்டி வைப்போம். புடவையை எடுத்து உதறும்போது வாசனை தானாக வரும்.

இப்போது என் மருமகள் பாச்சா உருண்டையும் வைக்கிறாள், கற்பூரமும் வைக்கிறாள், புடவை எடுத்துக் கொடுத்த கடையின் பிளாஸ்டிக் கவரையும் கழற்றுவதில்லை. ஒரு வெள்ளைப் பட்டு மஞ்சளாகிவிட்டது, இன்னொன்றில் எண்ணெய் கொட்டிய மாதிரி தடம். சண்டை போட முடியாமல் இங்கே கேட்கிறேன்.

மீனாட்சி.வாத்தியார்:

அம்மா, ரெண்டுக்கும் காரணம் சொல்லலாம், மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சண்டை வராது.

நாப்தலின் உருண்டையும் கற்பூரமும் தனித்தனியே திடப்பொருள். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று இளக்கி எண்ணெய் போல ஓடும், அதுதான் அந்தத் தடம். கடைகளில் கிடைக்கும் வேறு வகை உருண்டைகளில் பாரா டைகுளோரோபென்சீன் இருக்கும், அதையும் நாப்தலினோடு சேர்க்கக் கூடாது. ஏதாவது ஒன்றுதான், அதுவும் துணியில் படாமல், மேல் தட்டில் தொங்கவிட்டு. ஜரிகைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மஞ்சளானதற்குக் காரணம் பிளாஸ்டிக் கவராக இருக்கலாம். சில கவர்களில் பிளாஸ்டிக் கெடாமல் இருக்க பிஹெச்டி (BHT) என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள், அது துணிக்கு மாறி, காற்றில் உள்ள வாகனப் புகை வாயுக்களோடு சேர்ந்து மஞ்சளாகும். பட்டை மல் துணியில் சுற்றி வைப்பதுதான் நல்லது, நீங்கள் செய்தது போல. வருடத்தில் சில தடவை எடுத்து மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

ரேவதி_ஆசிரமம்ரோடு:

வாசனை வரட்டும் என்று பேப்ரிக் கண்டிஷனரை நேரே துணி மேல் ஊற்றுவேன். துண்டில் வழவழவென்று திட்டுத் திட்டாக நிற்கிறதே, அதுவும் இதே கதையா?

சாயப்பட்டறை:

ஆமாம், அது மெழுகு மாதிரி ஒரு படலம். தண்ணீரில் கலந்து கடைசி அலசலில் மட்டும் விடுங்கள். துண்டுக்கு வேண்டவே வேண்டாம், ஈரம் உறிஞ்சாமல் போய்விடும். திட்டு விழுந்த துண்டைக் கண்டிஷனர் இல்லாமல் வெந்நீரில் சலவைத்தூள் போட்டு மறுபடி துவைத்தால் போகும்.

கோமதி_தென்காசி:

புடவை வந்துவிட்டது. நூல் தையல் போட்டு, சென்ட் என்று சொல்லியே கொடுத்தேன். கடைக்காரர் முதலில் உள்சுற்றில் ஓரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். ஓரத்துக் கருத்த கோடு பெரும்பாலும் போய்விட்டது, நடுவில் வெளிறியது அப்படியே இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். ஜரிகையும் அப்படியேதான். வெள்ளிப் பாத்திரம் பளபளக்கப் போடும் பவுடரை ஜரிகையில் லேசாகத் தேய்க்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

மீனாட்சி.வாத்தியார்:

வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தப் பவுடர் தேய்த்துத்தான் பளபளப்பாக்கும், ஜரிகையில் இருக்கிற தங்கப் பூச்சு ஏற்கெனவே மெல்லியது, அதையும் எடுத்துவிடும். நெசவு இடுக்கில் வெள்ளையாகப் போய் அடைத்தும் கொள்ளும்.

சாயப்பட்டறை:

தோள் மடிப்பு என்று சொன்னீர்கள் அல்லவா, அடுத்த தடவை மடிப்பு எடுக்கும்போது அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள் அக்கா, வெளிறிய இடம் மடிப்புக்குள் போய்விடும். ஒப்பனைக்கு வருபவரிடம் சென்ட் பாட்டிலை மட்டும் முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள்.